சொல்லிவிட்டுத் தொடுபவர்

அந்த அம்மா தன் வீட்டுக்குள் நுழையும்போது உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் பூட்டைத் தொடுவதற்கு முன்னால் கதவை இரண்டு தட்டுத் தட்டுவார். "நான்தான். கதவத் தொறக்கப் போறேன், சத்தம் வரும்" என்பார். ஒரு மூச்சு நேரம் காத்திருப்பார். அதற்குப் பிறகுதான் சாவியைப் போடுவார்.

1991இல் நாங்கள் ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் மூன்று குடித்தனம். எங்களுடையது நடுவில். ஒரு பக்கம் வீட்டு ஓனர் குடும்பம். மறுபக்கம் அந்த அம்மா, தனியாக. குறுக்குச் சுவர்கள் கூரைவரை போகாது, மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கும். ஒரு வீட்டில் கடுகு வெடித்தால் மூன்று வீட்டுக்கும் கேட்கும்.

நான் ஸ்ரீபெரும்புதூரில், லாரிக்கு ஸ்பிரிங் செய்கிற பட்டறை ஒன்றில் ஷிஃப்ட் வேலை பார்த்தேன். நைட் ஷிஃப்ட் வாரங்களில் பகல் முழுக்கப் படுத்துக் கிடப்பேன். அந்த அம்மா விடியற்காலையில் அரிசி மில்லுக்கு நெல் அவிக்கப் போய், பன்னிரண்டு மணிக்குத் திரும்புவார். அதன்பின் எனக்குத் தூக்கம் போய்விடும். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. மெதுவான குரல்தான். ஆனால் சுவருக்கு மேலிருந்து ஒவ்வொரு வார்த்தையும் இறங்கி வரும்.

"தண்ணி மொள்றேன். கைல ஊத்தப் போறேன். சில்லுனு இருக்கும்."

அப்புறம் அமைதி. யாரோ தலையாட்டுவதற்கு நேரம் கொடுப்பதுபோல ஒரு அமைதி. பிறகு தண்ணீர் விழும் சத்தம்.

"தலைய தொடறேன். நான்தான்."

மறுபடி அமைதி. நான் பாயில் படுத்தபடி ஓட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பட்டப்பகலில் கை மயிர் சிலிர்த்து நிற்கும்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். நெட்டையான, ஒட்டிய உடம்பு. புருவத்தில் எப்போதும் உமித்தூள். பூப்போட்ட சேலை கட்டி நான் பார்த்ததில்லை. கையில் வளையல் கிடையாது. தெருவில் எதிரே வருகிறவர்களிடம்கூட, பத்தடி தூரத்திலேயே "நான்தாங்க, வரேன்" என்று சொல்லிக்கொண்டுதான் கடப்பார். புருஷன் எங்கே, பிள்ளைகள் உண்டா என்று யாருக்கும் தெரியாது. கேட்டால், "மணிமங்கலம் பக்கம்" என்பார். எந்தக் கேள்விக்கும் அதே பதில்தான்.

ஓனரம்மா மட்டும் தீர்மானமாகச் சொல்வார்: "அதுகூட இன்னொண்ணு கீதுப்பா. சோறு போட்டா ரெண்டு தட்டு வெக்குது, நான் ரெண்டு கண்ணால பாத்தேன்."

அந்த வருஷம் எங்கள் மகள் யமுனாவுக்கு ஆறு மாதம். பிறந்தவுடன் அழாத குழந்தை. நர்ஸுகள் முதுகைத் தட்டி, காலைத் தட்டி, மூச்சுக் குழாய் வைத்து, நெடுநேரம் கழித்துத்தான் பூனை மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதன்பின் நன்றாகத்தான் பால் குடித்தாள், வளர்ந்தாள். ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. நான் குனிந்து கொஞ்சினால் அவள் கண் என் தோளைத் தாண்டி, கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டுக்குப் போகும். அங்கேயே நிற்கும். கிலுகிலுப்பையை முகத்துக்கு நேரே ஆட்டினால் தலையை மறுபக்கம் திருப்பிக்கொள்வாள். ஆனால் சில நாள், எதிர்பாராத ஒரு நொடியில், கொடியில் ஆடும் துணியைப் பார்த்துவிட்டதுபோல் இருக்கும். நாங்கள் கத்திக்கொண்டு ஓடுவோம். அதற்குள் அந்தப் பார்வை போயிருக்கும்.

பக்கத்து டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, "கண்ணு நல்லாத்தான் கீது, வளர வளரச் சரியாய்டும்" என்றார். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். என் மனைவி கோமதி பிடித்துக்கொள்ளவில்லை.

"கண்ணு நல்லாக் கீதுன்னா ஏங்க என்னப் பாக்கல?" என்பாள். எரிந்து விழுவேன்.

ஒருநாள் குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு நின்றிருக்க, கோமதி இடுப்பில் யமுனாவோடு நின்றாளாம். ஆளுக்கொரு பக்கம் கையைத் தட்டி, விரலைச் சொடுக்கி, குழந்தையைக் கூப்பிட்டிருக்கிறார்கள். குழந்தை யாரையும் பார்க்காமல் வானத்தையே பார்த்திருக்கிறது. அந்த அம்மா தள்ளி நின்று நெடுநேரம் கவனித்துவிட்டு வந்து, "எல்லாரும் கொஞ்சம் பேசாம இருங்க" என்றாராம். அவர் அவ்வளவு உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை, எல்லோரும் அடங்கிவிட்டார்கள். குழாயையும் மூடச் சொன்னாராம். தண்ணீர் நின்றது. தன் கறுப்பு முந்தானையை விரித்துப் பிடித்து, அதன் முன்னால் யாருடையதோ ஒரு சிவப்பு பிளாஸ்டிக் சொம்பை மெள்ள மெள்ள அசைத்தாராம். எல்லோரும் சலித்துப்போகிற அளவுக்கு நேரமானது. யமுனாவின் தலை வானத்திலிருந்து இறங்கி, சொம்பின்மேல் வந்து நின்றது.

"இது குருடு இல்லம்மா" என்று கோமதியின் காதில் சொன்னாராம். "இதுக்குப் பாக்கத் தெரியுது. நம்ம கூச்சலு, கூட்டம், கலர்கலரா துணிமணி, இதுக்கு நடுவுல இன்னாத்த பாக்கறதுன்னுதான் தெரியல."

இதையெல்லாம் கோமதி அன்றைக்கே என்னிடம் சொல்லியிருக்கலாம். ஓனரம்மா சொல்வதைக் கேட்டுக்கொண்டு, "அந்தப் பொம்பள நம்ம வூட்டுப் பக்கம் வரக்கூடாது" என்று ஏற்கெனவே நான் உத்தரவு போட்டிருந்தேன். அதனால் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் என் வீடு மாறத் தொடங்கியதுதான். ஒருநாள் வந்து பார்த்தால் சுவரில் காலண்டர் இல்லை. இன்னொரு நாள் சாமிப் படங்கள் இல்லை. "எங்கடி?" என்றேன். "தொடச்சி வெக்க எடுத்தேன்" என்றாள். அவை திரும்பிச் சுவருக்கு வரவில்லை. கோமதி வளையலைக் கழற்றிவிட்டாள். கல்யாணத்துக்கு எடுத்த பூப்போட்ட சேலைகள் பெட்டிக்குள் போயின. கரும்பச்சையில் ஒன்று, கறுப்பில் ஒன்று, மாற்றி மாற்றி அவ்வளவுதான். ரேடியோவை நான் போட்டால் வந்து அணைத்தாள்.

ஒரு நைட் ஷிஃப்ட் வாரத்தில், பகலில் அரைத் தூக்கத்தில் கிடந்தேன். "நான்தான். கிட்ட வரேன். தூக்கப் போறேன்" என்று குரல் கேட்டது. வழக்கம்போல் சுவருக்கு அந்தப் பக்கம் என்று நினைத்துப் புரண்டு படுத்தேன். குரல் என் தலைமாட்டிலிருந்து வந்தது. கண்ணைத் திறந்தால், கறுப்புச் சேலையில், வெறுங்கையோடு, கோமதி தூளிக்கு முன்னால் நின்றிருந்தாள். சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பவள்போல் அசையாமல் நின்றாள். அந்த நிற்பு என் மனைவியின் நிற்பு இல்லை.

அடுத்த வாரம் எனக்கு முதல் ஷிஃப்ட். மூன்றரை மணிக்கு பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தேன். சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு ஜன்னலை உள்ளேயிருந்து ஒரு கறுப்புப் போர்வை மூடியிருந்தது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே சின்னச் சத்தம்கூட இல்லை. குழந்தை உள்ள வீட்டில் அப்படி ஒரு அமைதி இருக்கக் கூடாது.

கதவைத் தள்ளினேன். கண்ணாடி ஓட்டையும் ஏதோ துணியால் அடைத்திருந்தார்கள். இருட்டுக்குள் ஒரே ஒரு டார்ச் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில், நூலில் கட்டிய ஒரு சிவப்புக் கம்பளி உருண்டை அந்தரத்தில் ஊசலாடியது. அதற்கு இந்தப் பக்கம் கோமதியின் மடியில் என் குழந்தை. அந்தப் பக்கம் கறுப்புத் துணிக்கு முன்னால் அந்த அம்மா. முகம் தெரியவில்லை. நூலைப் பிடித்த கை மட்டும் தெரிந்தது.

"சத்தம் போடாதீங்க தம்பி" என்றது இருட்டு. "இப்பத்தான் வந்துகினு கீறா."

யார் வருகிறார்கள்? நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதக் கூடாது. போர்வையைப் பிய்த்தேன். வெயில் மொத்தமாக உள்ளே விழுந்தது. யமுனா வீறிட்டாள். அந்த அம்மாவின் பையைத் தூக்கித் தெருவில் எறிந்தேன். உருண்டை, டார்ச், நான்கைந்து கறுப்புத் துணிகள் மண்ணில் சிதறின. அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். உருண்டையை மட்டும் வாசல்படியில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே டீக்கடையில் சொன்னேன். குழந்தையை வைத்து ஏவல் செய்கிறாள் என்று சொன்னேன். அந்த வார்த்தையை நான்தான் சொன்னேன், வேறு யாரும் இல்லை. மறுநாள் ஓனர் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

போகும்போது ஒரு தகரப் பெட்டிதான் அவரிடம் இருந்தது. தெருவே வாசலில் நின்று பார்த்தது. பெட்டியை வெளியே வைத்துவிட்டு, காலி வீட்டுக்குள் திரும்பிப் போய் நின்றார். "கெளம்பறோம். வெளிய வெயிலா கீது. கையப் புடிச்சிக்கோ" என்றார். கையைப் பக்கவாட்டில், தன் இடுப்புக்குக் கீழே, சின்னப் பிள்ளை எட்டுகிற உயரத்தில் நீட்டினார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு விரல்கள் மூடிக்கொண்டன. அப்படியே, ஒரு கையில் பெட்டியும் மறுகை மூடியபடியும், பஸ் ரோட்டுக்கு நடந்தார். ஓனரம்மா வாசலில் உப்பைக் கொட்டினார். எனக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது.

கோமதி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள். பேச்சு இல்லை. மூன்றாவது வாரம், "பட்டணத்துப் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று நானே சொன்னேன். அப்போதும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அங்கே ஒரு வயதான டாக்டர். சொட்டு மருந்து விட்டு, காத்திருக்க வைத்து, உள்ளே வெளிச்சம் விட்டு, நிதானமாகப் பார்த்தார். எங்களை உட்காரவைத்துச் சொன்னார். கண்ணில் குறை இல்லை. பிறந்தபோது மூச்சு வரத் தாமதமானதில், கண் அனுப்புவதை வாங்கிப் புரிந்துகொள்கிற மூளைப் பகுதியில் அடி. "வெளிய இருக்கறதெல்லாம் கண்ணு வழியா உள்ள போகுது. ஆனா கலைஞ்சுபோன குவியலாப் போகுது. எது மனுஷன், எது சுவர்னு பிரிக்கத் தெரியல" என்றார். ஒரு பொம்மையைக் காட்டினார். யமுனா ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்போதைக்குப் பார்வை ரொம்பக் கம்மின்னுதான் எழுதணும்."

கோமதி எழுந்தாள். "சார், அந்த ஃபேன நிறுத்தறீங்களா? கதவச் சாத்திக்கட்டுமா?"

டாக்டர் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார். கோமதி தன் கறுப்பு முந்தானையை மேஜைமேல் விரித்தாள். பையிலிருந்து அந்தச் சிவப்பு உருண்டையை எடுத்தாள். நான் எறிந்தது. அதை அவள் எப்போது எடுத்து வைத்தாள் என்று எனக்குத் தெரியாது. "யமுனா, அம்மாதான். செவப்பு காட்டப் போறேன்" என்றாள். உருண்டையை மெதுவாக நகர்த்தினாள்.

நர்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டாக்டர் கையைத் தூக்கி அடக்கினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. யமுனாவின் கண் இறங்கியது. உருண்டையில் நின்றது. உருண்டை இடது பக்கம் போனது, கண் போனது. வலது பக்கம் வந்தது, கண் வந்தது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "யாரும்மா உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

மூன்று வாரத்துக்குப் பிறகு கோமதி என் முகத்தைப் பார்த்தாள். "பக்கத்து வூட்டு அக்கா சார்" என்றாள்.

"அவங்கள விட்றாதீங்க" என்றார் டாக்டர். "நான் மாசத்துக்கு ஒரு தடவ பாப்பேன். தெனம் செய்யறதுக்கு அவங்கதான் வேணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மணிமங்கலம் போனேன். அரிசி மில்லில் விசாரித்து, கோயிலைத் தாண்டி, வயலோரத்தில் தனியாக நின்ற ஒரு ஒற்றை அறை வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவு திறந்திருந்தது. உள்ளே அவர் குரல் கேட்டது. "யாரோ வராங்க. பயப்படாத."

வாசலிலேயே நின்றேன். "நான்தாம்மா" என்றேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னேன். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை, வேறு என்னென்னவோ உளறினேன். அவர் அதையெல்லாம் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "எடது பக்கம் பாத்தாளா? பாதில உட்டுட்டாளா, கடசி வரிக்கும் வந்தாளா?" என்று மட்டும் கேட்டார். கடைசிவரை வந்தாள் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒங்களுக்கு இதெல்லாம் யாரும்மா சொன்னாங்க?"

"யாரும் சொல்லல தம்பி." அறையின் மூலையைக் காட்டினார். அங்கே ஒரு கோரைப்பாய் விரித்திருந்தது, சின்னப் பாய். "எம்மவனும் பொறந்தப்ப அழுவல. கண்ணு தெரியாதுன்னுட்டாங்க எல்லாரும். அவங்கப்பா உட்டுட்டுப் போயிட்டாரு. நான் மில்லுக்குப் போவணுமே. காலைல கஞ்சி ஊட்டி, சொவத்துப் பக்கம் திருப்பிப் படுக்க வெச்சிட்டுப் போவேன். இந்தப் பக்கம் படுத்தா வெயிலு மூஞ்சில அடிக்குதுன்னு அழுவான். எந்தப் பக்கம் படுத்தா இன்னா, தெரியவா போவுதுன்னு வெச்சிட்டேன். தூக்கும்போதும் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். பொசுக்குனு தூக்குவேன், தூக்கிப் போடும் அவனுக்கு. நாலு வருசம்."

முந்தானையால் பாயின் ஓரத்தைத் துடைத்தார்.

"ஒருவாட்டி ஜொரம். வேலைக்குப் போவல. வெயிலு வராம வாசல்ல மில்லு தார்ப்பாய, கறுப்பு, கட்டிவுட்டேன். நெத்திக்குப் போட செவப்புத் துண்டு ஒண்ணு நனச்சி எடுத்தாறேன், அவன் கண்ணு துண்டு கூடவே வருது. எடுத்துகினு அந்தாண்ட போனேன், வருது. இந்தாண்ட வந்தேன், வருது. அன்னிக்குப் பூரா ரெண்டு பேரும் அதான் வெளாட்டு. மூணாம் நாளு போயிட்டான்."

நான் அந்தச் சின்னப் பாயைப் பார்த்தேன்.

"அப்ப அவனுக்குச் சொல்லாததெல்லாம் இப்ப சொல்லிகினு கீறேன். ஊரு பைத்தியம்னு சொல்லட்டும்." பிறகு என்னிடம், "கொஞ்சம் அங்க போயி ஒக்காந்து பாருங்க தம்பி. அவன் பாத்ததப் பாருங்க" என்றார்.

பாயில், சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். வெள்ளைச் சுண்ணாம்பு. முதலில் வேறு ஒன்றும் தெரியவில்லை. குனிந்து, படுத்திருக்கும் குழந்தையின் கண் மட்டத்துக்கு வந்தேன். அங்கே ஒரு கை அகலத்துக்குச் சுண்ணாம்பு இல்லை. பூச்சும் இல்லை. நகத்தால் சுரண்டிச் சுரண்டி, வெள்ளையைத் தாண்டி, காரையைத் தாண்டி, உள்ளே இருந்த செங்கல்வரை போயிருந்தது. செங்கல்லின் சிவப்பு, அந்த வெள்ளைச் சுவரில், அந்த ஒரு இடத்தில் மட்டும்.

"எலின்னு நெனச்சேன்" என்றார் எனக்குப் பின்னாலிருந்து. "ரெண்டு வாட்டி சுண்ணாம்பு பூசினேன்."

திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. கடைசியில் திரும்பியபோது அந்த அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். கையில் பை.

"ரெண்டரைக்கு ஒரு பஸ்ஸு கீது" என்றார். "எழுந்திரிங்க. கொழந்த முழிச்சிருக்கற நேரமாப் போயிச் சேரணும்."

அதன்பின் யமுனா பள்ளிக்கூடம் போகிறவரை ஞாயிறு தவறாமல் வந்தார். ஓனரிடம் நான்தான் போய்ப் பேசினேன். டீக்கடையிலும் பேசினேன். அது அவ்வளவு சுலபமாக இல்லை. ஒரு வார்த்தையைப் பரப்புவது ஒரு சாயங்கால வேலை, திரும்ப வாங்க இரண்டு வருஷம் ஆனது. சிலர் கடைசிவரை அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போனார்கள். யமுனா இன்றும் கூட்டத்தில் தடுமாறுவாள். புது இடத்தில் என் கையைப் பிடிப்பாள். ஆனால் படித்தாள், வேலைக்குப் போகிறாள்.

அவளுக்கு ஒன்றே முக்கால் வயதில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். துணி, சொம்பு, பந்து, வாழைப்பழம் எல்லாம் பார்க்கத் தொடங்கியிருந்தாள். மனித முகம் மட்டும் வரவில்லை. கண், மூக்கு, வாய், எல்லாம் ஒரே சமயத்தில் அசைகிற பொருள், அதுதான் அவளுக்கு மிகக் கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு ஞாயிறு மதியம் அந்த அம்மா என்னைக் கறுப்புத் துணிக்கு முன்னால் உட்காரவைத்தார். "பேசாதீங்க. சிரிக்காதீங்க. வெறும் மூஞ்சிய மட்டும் குடுங்க" என்றார்.

யமுனா எதிரே தவழ்ந்து வந்து நின்றாள். அவள் பார்வை என் காதுப்பக்கம் போனது, துணிக்குப் போனது, தரைக்குப் போனது. பிறகு திரும்பி வந்து, என் நெற்றியில் தொட்டு, மெள்ள இறங்கி, என் கண்ணுக்குள் வந்து நின்றது.

"அசையாதீங்க தம்பி" என்றார் அந்த அம்மா, மிக மெதுவாக.

என் மூக்கின்மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அது மூக்கிலிருந்து கன்னத்துக்கு நடந்தது, கன்னத்திலிருந்து உதட்டுக்கு நடந்தது. நான் அசையவில்லை.